முதல் விமானத்துக்குப் பணத்தை எதில் போடுவது, டிரான்ஸ்மிட்டரிலா சர்வோவிலா?

கேள்வி, 02-02-2024, இரவு 9.15

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன், பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். நான்கு அடி இறக்கை கொண்ட பயிற்சி விமானம் ஒன்றை டெப்ரான் என்னும் நுரைத் தாளில் நானே வெட்டி ஒட்டியிருக்கிறேன். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி, மூன்று செல் 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஆகியவற்றைக் கல்லூரி அண்ணன் ஒருவர் கொடுத்துவிட்டார். கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும், விமானத்தின் அசையும் பலகைகளைத் திருப்பும் சிறு மோட்டார்களான நான்கு சர்வோக்களுக்கும் சேர்த்து வீட்டில் பத்தாயிரம் ரூபாய் தருகிறார்கள். நான்கு சர்வோவும் பெரியதாக, மெட்டல் கியராக (உலோகப் பற்சக்கரம்) இருக்க வேண்டும், டிரான்ஸ்மிட்டர் எதுவானாலும் போதும் என்கிறார் கடைக்காரர். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. விமானத்தை அசைப்பது சர்வோதான், கையில் இருப்பது வெறும் ரிமோட். ஐயா என்ன சொல்கிறீர்கள்?

பதில், 03-02-2024, காலை 6.40

சரியில்லை.

உங்கள் விமானம் விழும். என்னுடையவை இதுவரை பதினொன்று விழுந்திருக்கின்றன. ஒன்று கருவேலங்காட்டுக்குள் போய் ஒரு வாரம் கழித்து ஆடு மேய்க்கும் பெரியவர் கையில் திரும்பி வந்தது. ஒவ்வொரு விழுதலிலும் ஒன்றிரண்டு சர்வோக்கள் போய்விடும். டிரான்ஸ்மிட்டர் மட்டும் எப்போதும் என் கழுத்தில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பதினொரு விமானங்களுக்கும் சேர்த்து நான் பயன்படுத்தியவை இரண்டே டிரான்ஸ்மிட்டர்கள்தாம். எனவே பத்தாயிரத்தில் பாதிக்கு மேல் கையில் இருக்கும் பெட்டிக்கே போகட்டும்.

அதில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், ஆறு சேனல்கள் (தனித்தனியே கட்டளை அனுப்பும் வழிகள்), ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்களின் அமைப்புகளை நினைவில் வைக்கும் வசதி, கட்டுப்பாட்டுக் குச்சியின் நடுப்பகுதியை மென்மையாக்கும் எக்ஸ்போ, அசைவின் அளவைச் சுவிட்சில் குறைக்கும் டூயல் ரேட், சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப், இன்னொருவர் பெட்டியோடு இணைக்கும் டிரெய்னர் வசதி என்பேன். நான்கு பென்சில் செல்லில் ஓடும் ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 இவற்றைக் குறைந்த விலையில் தருகிறது. எட்ஜ்டிஎக்ஸ் என்னும் திறந்த மென்பொருளில் இயங்கும் பெட்டிகளில் 4-இன்-1 மாட்யூல் உள்ளதை வாங்கினால், அதே பெட்டி ஃப்ளைஸ்கை, எஃப்ஆர்ஸ்கை, ஸ்பெக்ட்ரம் போன்ற பல நிறுவனங்களின் ரிசீவர்களோடு (விமானத்துக்குள் இருந்து சிக்னலை வாங்கும் பெட்டிகளோடு) பேசும். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்னும் ரேடியோ முறை மட்டும் உள்ள வகைக்கு அது முடியாது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், வாங்குமுன் அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருப்பதை இருமுறை படியுங்கள்.

நம் பக்கத்துக்கென்று ஒரு காரணத்தையும் சேர்க்கிறேன். குச்சியின் அடியில் பழைய முறைப்படி பொட்டென்ஷியோமீட்டர் (உரசித் திரும்பும் மின்தடை) இருந்தால், நம் செம்மண் தூசி அதற்குள் இறங்கி, இரண்டு கோடைக்குப் பிறகு நடுநிலையில் நடுக்கம் தரும். காந்தத்தை உணரும் ஹால் வகைக் குச்சியில் உரசும் பகுதி இல்லை. நாற்பது ஆண்டுகள் காரைக்குடி செக்காலை ரோட்டில் ரேடியோ பழுதுபார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வானொலிப் பெட்டியில் வால்யூம் திருகும்போது கேட்கும் கரகரப்பு எதுவோ, அதுதான் அங்கே விமானத்தின் நடுக்கமாக வெளிப்படும்.

03-02-2024, பகல் 2.10

மேலே எழுதியதற்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டேன். முதல் நாள் உங்கள் பக்கத்தில் யார் நிற்கப் போகிறார்? அவர் மோட் 1 ஓட்டுபவரா, மோட் 2 ஓட்டுபவரா?

மோட் 2இல் மோட்டார் வேகத்துக்கான த்ராட்டிலும் மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடரும் இடக்கையில், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் இறக்கையைச் சாய்க்கும் ஏலரானும் வலக்கையில் இருக்கும். மோட் 1இல் த்ராட்டிலும் எலிவேட்டரும் இடம் மாறிவிடும். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் சித்தப்பா 1991இல் ஊருக்கு வரும்போது அலைவரிசைக்கேற்பக் கிரிஸ்டல் மாற்றும் பழைய எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே இழுத்தால் ஒரு மீட்டர் நீளும் ஏரியல் அதற்கு இருந்தது. அது மோட் 1. நான் அதில் பழகினேன். இன்று நம் நாட்டில் பெரும்பாலோர் மோட் 2 ஓட்டுகிறார்கள். பொட்டலில் ஒரு பையனின் விமானம் தலைகீழாகப் போய், "ஐயா, பிடியுங்கள்" என்று அவன் பெட்டியை நீட்டும்போது, என்னால் அதை இன்னும் விரைவாகத் தரைக்குக் கொண்டுவர மட்டுமே முடியும். நீங்கள் மோட் 2 வாங்குங்கள். என்னிடம் கற்க வராதீர்கள்.

04-02-2024, காலை 11.25

சர்வோ எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டுவிடலாம்.

எலிவேட்டர் 40 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். விமானம் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. காற்றின் அழுத்தம் அரை பெருக்கல் 1.2 பெருக்கல் 400, ஆக ஒரு சதுர மீட்டருக்கு 240 நியூட்டன். பலகையின் பரப்பு 0.16 சதுர மீட்டர். முழு அழுத்தமும் பலகையின் மேல் நேராக மோதுவதாகவே வைத்துக்கொண்டால் 38 நியூட்டன். அது கீலிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளிச் செயல்படுகிறது. ஏறக்குறைய 8 கிலோகிராம்-சென்டிமீட்டர் (சர்வோவின் திருப்பு விசையை அளக்கும் அலகு) வருகிறது.

எனக்கே வியப்பாக இருக்கிறது. கடைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கலாம் போலிருக்கிறது. எம்ஜி996ஆர் என்னும் பெரிய மெட்டல் கியர் சர்வோ 4.8 வோல்ட்டில் 9.4 தருவதாகக் குறிப்பிடப்பட்டுள்ளது.

05-02-2024, காலை 7.05

40 பெருக்கல் 4 என்பது 160 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.016 சதுர மீட்டர்தான் என்று கேள்வி கேட்ட தம்பி பணிவாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார். தசமப் புள்ளி ஓர் இடம் நகர்ந்துவிட்டது. விடை 0.8 கிலோகிராம்-சென்டிமீட்டர். எம்ஜி996ஆர் ஒன்றின் எடை 55 கிராம், நான்கு சேர்ந்தால் 220 கிராம். நேற்று நான் எழுதியதை நம்பி யாராவது ஆர்டர் கொடுத்திருந்தால், அந்த விமானத்தைப் பறக்கவிடுவதைவிடப் புளியமரத்தில் கல்லெறியப் பயன்படுத்துவது மேல்.

மீண்டும் போடுகிறேன். எஸ்ஜி90 என்னும் ஒன்பது கிராம் சர்வோ 4.8 வோல்ட்டில் 1.8 தரும் என்று குறிப்பிடுகிறார்கள். சந்தையில் உலவும் நகல்களை நம்பாமல் அதைப் பாதியாக்கினாலும் 0.9 மிஞ்சுகிறது. நம் 0.8 என்பது முழு அழுத்தமும் நேராக மோதும் என்று மிகைப்படுத்தி எடுத்த எண்ணாகையால் உண்மையில் தேவைப்படுவது அதைவிடக் குறைவு. மேலும் சர்வோவையும் பலகையையும் இணைக்கும் கம்பியை, சர்வோ கையின் உள் துளையிலும், பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பின் வெளித் துளையிலும் மாட்டினால் பலகையில் விசை கூடும், அசைவு குறையும். சர்வோ பக்கம் 8 மில்லிமீட்டர், பலகைப் பக்கம் 16 மில்லிமீட்டர் என்றால் விசை இரண்டு மடங்கு.

ஆனால் வேகம் இரட்டிப்பானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகிவிடும். விநாடிக்கு 40 மீட்டரில் அதே எலிவேட்டருக்கு 3க்கு மேல் தேவை. நெட்டுக்குத்தாகப் பாய்ச்சிவிட்டுக் குச்சியை இழுத்தும் விமானம் எழவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்: ரேடியோ சொன்னது சர்வோவுக்கு எட்டியிருக்கும், சர்வோவால் காற்றைத் தள்ள முடிந்திருக்காது. முதல் ஆண்டு முழுவதும் நீங்கள் பாய்ச்சாமல் இருப்பதே செலவில்லாத தீர்வு.

08-02-2024, இரவு 8.30

மெட்டல் கியர் பற்றி. தேவையில்லை என்பதே என் கருத்து. மெட்டல் கியர் கொண்ட எம்ஜி90எஸ் சர்வோவின் எடை 13 கிராமுக்குச் சற்று மேல். ஒரு சர்வோவுக்கு நான்கு கிராம் கூடுதல் என்பது பெரிதல்ல, ஆனால் காற்றில் பறக்கும்போது பல் உடைந்ததாக எனக்கு நினைவில்லை. பிளாஸ்டிக் பல்லுக்குத் தேய்வும் குறைவு. உலோகப் பல் நாளடைவில் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும், அந்த ஆட்டம் பலகையின் விளிம்பில் படபடப்பாகத் தெரியும். நான்கும் பிளாஸ்டிக்காக வாங்கி, இரண்டைக் கூடுதலாகப் பையில் வையுங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 60 பாகை திரும்ப 0.12 விநாடி எடுக்கும் சர்வோ, அதை ஓட்டும் உங்கள் மூளையைவிட விரைவானது.

09-02-2024, இரவு 10.50

இன்றைக்கு நீண்ட கதை.

2017 ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு மாலை, கோட்டையூர்ப் பக்கம் ஊரணியை ஒட்டிய பொட்டலில் நான் பறக்கவிட்ட விமானம் நான்காவது நிமிடத்தில் கைக்கு அடங்காமல் போனது. இரண்டு விநாடிகள் கழித்து மீண்டும் அடங்கியது, ஆனால் அதற்குள் அது ஊரணியின் நடுவில் இருந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு நீந்திப் போய் எடுத்தேன். சற்றுத் தொலைவில் செல்போன் கோபுரம் ஒன்று நின்றதால் குற்றத்தை அதன் தலையில் போட்டேன். ஓராண்டுக் காலம் பார்ப்பவரிடமெல்லாம் கோபுரத்தின் பக்கம் பறக்காதீர்கள் என்று சொன்னேன். சிலர் அதை நம்பி வேறு பொட்டல் தேடினார்கள்.

மறு ஆண்டு அதே மின்னமைப்பை வேறொரு விமானத்தில் பொருத்தும்போது, தற்செயலாக மீட்டரை ரிசீவரில் மாட்டிவிட்டு நான்கு சர்வோக்களையும் ஒரே நேரத்தில் அசைத்தேன். 5 வோல்ட் காட்டிய முள் 3.4க்கு விழுந்தது, ரிசீவரின் சிவப்பு விளக்கு அணைந்து எரிந்தது. ரிசீவர் மூச்சுத் திணறி மீண்டும் எழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கோபுரத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

காரணம் இது. இஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி என்னும் சிறு மின்சுற்று, பேட்டரியின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் கொடுக்கிறது. மலிவான இஎஸ்சிகளில் அது லீனியர் வகை, பெயரளவில் 2 ஆம்பியர். மிச்ச வோல்ட்டை அது வெப்பமாக மாற்றித்தான் குறைக்கும். முழுதாக ஏற்றிய மூன்று செல் பேட்டரி 12.6 வோல்ட், அதிலிருந்து 5 போக 7.6. ஓர் ஆம்பியர் எடுத்தாலே 7.6 வாட் வெப்பம், சட்டையில்லாத ஒரு சில்லின் மேல், காற்றோட்டமில்லாத டெப்ரான் வயிற்றுக்குள். ஒன்பது கிராம் சர்வோ ஒன்று அசைய முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கும்போது ஏறக்குறைய 0.7 ஆம்பியர் இழுக்கும். அன்று என் ஏலரான் கம்பி ஒன்று துளையில் உரசிக்கொண்டு அந்தச் சர்வோவை இடைவிடாமல் முனக வைத்திருக்கிறது. நான் அதைக் கேட்டேன், மோட்டார் சத்தம் என்று நினைத்தேன்.

இப்போது அவ்வளவு சூடாகாத சுவிட்சிங் வகையான தனி பிஇசி போடுகிறேன். அதைப் போட்டால் இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று கம்பிகளில் நடுவிலுள்ள சிவப்பைக் கழற்றி, டேப் சுற்றி விட்டுவிட வேண்டும். இரண்டு மின்வழங்கிகளை ஒன்றோடொன்று மோதவிடக் கூடாது. ஆகவே தம்பி, கடைக்காரர் சொன்ன பெரிய சர்வோக்களை வாங்கியிருந்தால் எடை மட்டுமன்று, இந்தச் சிக்கலும் வந்திருக்கும். எம்ஜி996ஆர் ஒன்றே ஒன்று முட்டிக்கொண்டால் உங்கள் பிஇசி முழுவதையும் விழுங்கிவிடும்.

கோபுரத்திடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

10-02-2024, காலை 6.15

நேற்றைய குறிப்பின் வால். பேட்டரியைப் பற்றி எழுதும்போது நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியார், லண்டன் குராய்டனில் விமானம் ஓட்டப் பயின்று சான்றிதழ் பெற்றவர். பேட்டரிக்கு ஆய்வகமும் விமானத்துக்கு முன்னோடியும் வாய்த்த ஊரில் இருந்துகொண்டு, பேட்டரி மின்சாரத்தை ஒழுங்காகப் பகிரத் தெரியாமல் விமானத்தைக் குளத்தில் போட்டவன் நான்.

12-02-2024, மாலை 5.45

உரிமம் வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ரேடியோ அலையைப் பொறுத்தவரை 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று 2005இல் அறிவிக்கப்பட்டது. நம் பெட்டிகள் அதில்தான் இயங்குகின்றன. பறப்பதைப் பொறுத்தவரை 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளையும் வான்வெளி வரைபடத்தையும் பார்த்துவிட்டு, கண்ணுக்கு எட்டும் தொலைவில், 400 அடிக்குக் கீழே பறக்கவிடுங்கள். செட்டிநாட்டில் போர்க்காலத்தில் போட்ட பழைய ஓடுதளம் இருக்கிறதே, அங்கே போகலாமா என்றும் கேட்டிருக்கிறார். அது அரசு நிலம். ஆசைப்படலாம், போகக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைக்காதீர்கள். கம்பியில்லாக் கருவிகளுக்கு இங்கே தனி ஒப்புதல் தேவைப்படுவதால் சுங்கத்தில் நிற்கும். என் பார்சல் ஒன்று நான்கு மாதம் நின்றது.

16-02-2024, இரவு 9.00

08ஆம் தேதி நான் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

பல் உடைந்ததாக நினைவில்லை என்று எழுதினேன். இன்று அலமாரியைத் துழாவியபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் செத்த சர்வோக்கள் கிடைத்தன. பதினேழு. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டில் பல் போயிருந்தது. காற்றில் உடையவில்லை என்று நான் சொன்னது சரிதான், எல்லாம் தரையில் உடைந்தவை. நம் பொட்டல் புல்தரை இல்லையே. சரளைக்கல், கறையான் புற்று, காய்ந்த கண்மாயின் வெடிப்பு ஆகியவற்றில் மூக்குச் சக்கரம் முட்டும்போது அந்த அதிர்ச்சி கம்பி வழியாக நேரே சர்வோவின் பல்லுக்குப் போகிறது. அடிவயிற்றில் இறங்கும் விமானமானால் கீழே தொங்கும் ஏலரான் கொம்பு தரையில் மாட்டி அதே வேலையைச் செய்கிறது.

ஆகவே எலிவேட்டருக்கும் ரடருக்கும் பிளாஸ்டிக், மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் சர்வோ தனியாக இருந்தால் அதற்கு உலோகம் என்று மாற்றிக்கொள்கிறேன். ஏலரானுக்கு எது என்பதில் இன்னும் எனக்கு உறுதியில்லை. கொம்பை இறக்கையின் மேல்பக்கம் வைத்தால் பிளாஸ்டிக்கே தாங்கும், அழகுதான் கொஞ்சம் குறையும். கடைக்காரருக்கு நான்கில் ஒரு பங்கு நியாயம் கொடுக்கிறேன்.

டப்பாவில் இன்னொரு பாடமும் இருந்தது. ஒரு நிறுவனத்தின் சர்வோ கையை இன்னொன்றின் தண்டில் அழுத்தி மாட்டியிருந்தேன். ஃபியூட்டாபா தண்டில் 25 பற்கள், ஹைடெக்கில் 24, ஜேஆரில் 23. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், அழுத்தினால் ஏறியும் விடும், பிறகு வழுக்கும்.

17-02-2024, காலை 6.30

பதினேழு சர்வோவைத் திறந்து பார்க்க நேரம் இருக்கிறது, குழாயடி பல்பை மாற்ற நேரமில்லையா என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. பல்பை மாற்றிவிட்டேன்.

25-02-2024, மாலை 6.20

தம்பி பெட்டியையும் ரிசீவரையும் வாங்கிவிட்டார். பெட்டிக்கு ஆறாயிரத்துச் சொச்சம் ஆனதாம். நல்லது. பொருத்துவதற்குமுன் இரண்டு செய்திகள்.

ரிசீவரின் ஏரியல் கம்பியில் மேலுறை நீங்கிய நுனி 31 மில்லிமீட்டர் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு அது. அதை மடிக்காதீர்கள், நறுக்காதீர்கள், பேட்டரியின் மேலோ கார்பன் குழாயின் மேலோ ஒட்டாதீர்கள். இரண்டு ஏரியல்கள் இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். கையிலுள்ள பெட்டியின் ஏரியல் நுனியை விமானத்தை நோக்கி நீட்டுவது பலருக்கும் இயல்பாக வரும் பிழை. நுனியின் திசையில்தான் அலை மிக மெலிந்திருக்கும், பக்கவாட்டில்தான் வலு.

ஃபெயில்சேஃபைக் காகிதத்தில் நம்பாதீர்கள். மோட்டாரிலிருந்து புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலைப் பாதிக்கு ஏற்றி, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்குப் பொட்டலுக்குப் போக வேண்டாம். புரொப்பெல்லரைக் கழற்றச் சொல்வதற்கான சான்று என் இடக்கைக் கட்டைவிரலில் இருக்கிறது.

12-05-2024, பகல் 3.30

இரண்டு மாதமாக எதுவும் எழுதவில்லை. தம்பிக்குத் தேர்வு, எனக்குக் கண்புரை அறுவை. இடையில் அவர் பதினான்கு முறை பறந்து, மூன்று முறை மட்டும் விழுந்திருக்கிறார். போன ஞாயிறு மூன்றாவது முறை விழுந்ததற்கான காரணம் புதியது என்பதால் இங்கே பதிகிறேன்.

எலிவேட்டர் சர்வோவை ஹாட் குளூ வைத்து ஒட்டியிருந்தார். எல்லாரும் அப்படித்தான் ஒட்டுகிறோம், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். காலை ஏழு மணிக்குப் பறந்தபோது சரியாக இருந்தது. பிறகு விமானத்தைக் காருக்குள் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் பள்ளத்தூர் போயிருக்கிறார். மாலையில் மீண்டும் பறந்தபோது, குச்சியை இழுத்தால் எலிவேட்டர் அசைவதற்குப் பதிலாகச் சர்வோவே இடம்பெயர்ந்திருக்கிறது. மே மாத வெயிலில் மூடிய காருக்குள் அந்தப் பசை இளகிவிட்டது. சர்வோவின் இரு காதுகளுக்கும் கீழே மெல்லிய பிளைவுட் துண்டு ஒட்டி, கூடவே வரும் திருகாணிகளால் இறுக்குங்கள். அந்தத் துண்டை ஒட்ட எபாக்சி வேண்டும். லைப்போ பேட்டரியைக் காரில் விட்டுப் போகவில்லை என்று அவர் சொன்னதால் அதைப் பற்றித் திட்டவில்லை.

18-05-2024, இரவு 8.10

புதிதாகப் பொருத்திய சர்வோ சும்மா இருக்கும்போதும் முனகுகிறது, மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று தம்பி கேட்கிறார்.

கேட்குமுன் கம்பியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். முனகல் நின்றால் சர்வோவில் குற்றமில்லை, கம்பிதான் எங்கோ உரசுகிறது. நிற்காவிட்டால் கடைக்குப் போங்கள்.

18-05-2024, இரவு 9.35

நின்றுவிட்டதாம். கம்பியின் வளைவு கொம்புத் துளையில் இறுகியிருக்கிறது. துளையைக் கம்பியின் பருமனுக்குச் சரியாகப் பெரிதாக்குங்கள், அதற்கு மேல் ஒரு நூலளவும் வேண்டாம், ஆட்டம் வந்துவிடும். நாளை காலை ஆறரைக்கு, காற்று எழும்புமுன், பொட்டலில் இருப்பேன். மீட்டரைக் கொண்டுவருகிறேன், நான்கு சர்வோவையும் ஒன்றாக அசைத்து, முள் எங்கே நிற்கிறதென்று பார்த்துவிட்டுப் பறக்கவிடுவோம். பெட்டியை மட்டும் என்னிடம் நீட்டாதீர்கள்.